பொது இடத்தில் அவரவர் இடம்

காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் தேவகோட்டை பஸ் ஒன்று கிளம்பக் காத்து நிற்கிறது. உள்ளே ஒரே ஒருவர், நடுவரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதாக ஏறுகிறவர் எங்கே உட்காருவார்? முதலாமவரின் பக்கத்தில் உட்கார மாட்டார். இரண்டு மூன்று வரிசை தள்ளி, முடிந்தால் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பிடிப்பார். மூன்றாமவர் இந்த இருவரையும் ஒட்டாத ஓரிடத்தைத் தேடுவார். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. நடத்துநரிடமும் இதற்கு விதி கிடையாது. கால்மணி நேரத்தில் பஸ் பாதிக்குமேல் நிறைந்துவிடுகிறது. இப்போது ஏறுகிறவர் அதே முதலாமவரின் பக்கத்தில் தயங்காமல் உட்காருகிறார்; அவரும் காலைச் சற்று ஒடுக்கி இடம் விடுகிறார். சற்று முன்பு விசித்திரமாகத் தோன்றியிருக்கக்கூடிய செயல் இப்போது முழுக்க இயல்பானது.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், பொது இடங்களில் நாம் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் இடத்தைப் பற்றிப் பாதி புரிந்துவிடும்.

நம் ஒவ்வொருவரையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு முற்றம் இருக்கிறது. நாம் நடந்தால் அதுவும் கூடவே வரும். அழைக்காமல் ஒருவர் அதற்குள் வந்தால் உடல்தான் முதலில் பதில் சொல்கிறது: தோள் குறுகுகிறது, கால் பின்வாங்குகிறது, கைப்பை மார்புக்கு முன்னால் வந்துவிடுகிறது. மனம் காரணம் தேடுவது அதற்குப் பிறகுதான். இதைத் தனிமனித வெளி என்கிறோம். ஒரு குடும்பமோ நண்பர்களோ சேர்ந்து நிற்கும்போது அந்தக் கூட்டத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. அது குழுவின் வெளி. இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிக்குள் இருப்பவர் அதைத் தனியாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. சுற்றி நிற்பவர்கள்தான் அதைத் தர வேண்டும்.

எத்தனை அடி?

இதை அளந்து பார்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர். மனிதர்கள் தமக்கிடையே விடும் தூரத்தை நான்கு வட்டங்களாக 1966-இல் அவர் பிரித்துக் காட்டினார். உடலிலிருந்து ஒன்றரை அடி வரை மிக நெருங்கியவர்களுக்கான வட்டம். குழந்தை, துணை, தாய் போன்றவர்களுக்கு உரியது. ஒன்றரை அடியிலிருந்து நான்கு அடி வரை நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும். நான்கிலிருந்து பன்னிரண்டு அடி வரை, வேலை நிமித்தம் பேசுகிறவர்களுக்கு. அதற்கு அப்பால் மேடைப் பேச்சாளருக்கும் கூட்டத்துக்கும் உள்ள தூரம்.

இந்த எண்களை எல்லா ஊருக்கும் பொருந்தும் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹால் கவனித்தது பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோர நடுத்தர வர்க்கத்தாரை. தூரம் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்று அவரே வலியுறுத்தினார். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 42 நாடுகளில் ஏறத்தாழ 9000 பேரிடம், அந்நியர், அறிமுகமானவர், நெருங்கியவர் ஆகியோர் எவ்வளவு தூரத்தில் நிற்பது தமக்கு வசதி என்று கேட்டது. நாட்டுக்கு நாடு விடை வெகுவாக வேறுபட்டது. எங்கும் மாறாமல் இருந்தது வரிசைதான்: அந்நியர் தொலைவில், தெரிந்தவர் அதற்குக் கிட்டே, நெருங்கியவர் எல்லாருக்கும் முன்னால். காரைக்குடிச் சந்தையில் தோளோடு தோள் உரசிக் காய்கறி பொறுக்கும் நமக்கும் இந்த வரிசை உண்டு. நம் வட்டங்களின் அளவு வேறாக இருக்கலாம், அவ்வளவுதான். நம் ஊரில் அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று சொல்கிறவர்கள், கூட்டமே இல்லாத ஏ.டி.எம். அறைக்குள் ஒருவர் தம் முதுகை ஒட்டி வந்து நின்றால் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

உடலுக்குள்ளும் இதற்கு வேர் இருக்கிறது. சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர், காட்டு விலங்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலகல் தூரம் உண்டு என்று காட்டினார். அதைத் தாண்டி நெருங்கினால் விலங்கு ஓடிவிடும். மனித மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற சிறு பகுதி இருபுறமும் சேதமடைந்த ஒரு பெண்ணை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எதிரில் நிற்பவரை நோக்கி நடந்து, தனக்கு வசதியான தூரத்தில் நிற்க வேண்டும் என்பது சோதனை. மற்றவர்கள் சராசரியாக 76 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றார்கள். அந்தப் பெண் 34 சென்டிமீட்டர் வரை போனார். ஆக, ஒருவர் நம்மிடமிருந்து அரை அடி பின்னால் நகர்ந்தால் அதைக் கர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருடைய உடல் தன் வேலையைச் செய்கிறது.

நெரிசலில் என்ன ஆகிறது?

சென்னைக்குப் போகும் பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியலில் காரைக்குடியிலிருந்து கிளம்புகிறது. மூன்று பேர் இருக்கையில் முன்பின் தெரியாத மூவர் பல மணி நேரம் ஒட்டி உட்கார்ந்து போகிறார்கள். ஹாலின் கணக்குப்படி பார்த்தால் இவர்கள் குழந்தைக்கும் தாய்க்கும் உரிய வட்டத்துக்குள் இருக்கிறார்கள். ஆனாலும் யாரும் எழுந்து ஓடுவதில்லை. ஏன்?

மைக்கேல் ஆர்கைல், ஜேனட் டீன் என்ற இரு உளவியலாளர்கள் 1965-இல் இதற்கு விடை சொன்னார்கள். நெருக்கம் தூரத்தால் மட்டும் உண்டாவதில்லை. பார்வை, பேச்சு, முகம் திரும்பியிருக்கும் திசை எல்லாம் சேர்ந்துதான் அது உண்டாகிறது. தூரம் குறையும்போது மற்றவற்றைக் குறைத்துச் சமன் செய்துகொள்கிறோம். அதனால்தான் நெரிசலான டவுன் பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள்; லிஃப்டில் மேலே மாறும் எண்ணையே பார்க்கிறார்கள். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் இதன் இன்னொரு பக்கத்தைக் கவனித்தார். பொது இடத்தில் எதிரே வருபவரை ஒரு கணம் பார்க்கிறோம். நீங்கள் இருப்பதைக் கவனித்துவிட்டேன் என்பது அதன் பொருள். பிறகு பார்வையை விலக்கிக்கொள்கிறோம். உங்களைத் துருவ மாட்டேன் என்பது அதன் பொருள். கண்டும் காணாமல் இருப்பது என்று நாம் சொல்வது, பெரும்பாலும், ஒருவருக்கு நாம் செய்யும் நல்ல காரியம்தான்.

முன்பக்க இருக்கைகள் பெண்களுக்கு என்று பஸ்ஸில் எழுதியிருப்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உடல் தூரத்துக்கு வழியில்லாத இடத்தில், சட்டமும் வழக்கமும் சேர்ந்து ஒரு குழுவுக்கு ஒதுக்கிக் கொடுத்த வெளி அது. பஸ் நெரிசலாக இருந்தது என்று சாக்குச் சொல்லி அந்த வெளிக்குள் கையையும் காலையும் நீட்டுகிறவர்களை எந்த ஆய்வும் நியாயப்படுத்தவில்லை. நெரிசல் எல்லாருக்கும் ஒன்றுதான். அதில் தம் உடலைக் குறுக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், பரப்பிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வளவு கற்றுத்தரும் பாடம்

குழுவின் வெளி என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் அவர்களை செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் பழைய வீடு ஒன்றுக்குத்தான் அழைத்துப் போவேன். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ அப்படி ஒரு வீட்டின் முன்வாசலில் நின்று பாருங்கள். வாசல்கள் நேர்க்கோட்டில் இருப்பதால், கதவுகள் திறந்திருந்தால் பார்வை முகப்பைக் கடந்து, வளவு என்ற நடுமுற்றப் பகுதியைக் கடந்து, அடுத்தடுத்த கட்டுகளையும் கடந்து பின்வாசல் வரை போகும். ஆனால் பார்வை போகும் இடமெல்லாம் கால் போய்விட முடியாது. திண்ணையில் உட்கார வழிப்போக்கர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முகப்பு, வியாபாரம் பேச வந்தவரும் கணக்குப் பார்ப்பவரும் உட்காரும் இடம். வளவுக்குள் வருகிறவர் உறவினராக இருப்பார், அல்லது அழைக்கப்பட்டவராக இருப்பார். இரண்டாம் கட்டு சாப்பாட்டுக்கு. அதற்கும் பின்னால் சமையல்கட்டும் பெண்கள் கூடும் இடமும். ஒவ்வொரு நிலைப்படியும் ஒரு கேள்வி. தெரிந்தவரானாலும் முகப்பில் நின்று "ஆச்சி, இருக்கிறீர்களா?" என்று குரல் கொடுத்து, பதில் வரும்வரை நிற்பது வழக்கம். அந்தச் சில விநாடிகளில் உள்ளே இருப்பவர் சேலையைச் சரிசெய்துகொள்ளலாம், அழுதுகொண்டிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம், பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த அமைப்பைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பெண்களைப் பின்கட்டிலேயே இருத்திவைக்கவும் இதே கட்டுகள் பயன்பட்டன. முகப்பில் ஆண்கள் முடிவெடுக்க, அந்த முடிவு இரண்டு கட்டு தாண்டித்தான் பெண்களின் காதுக்கு வந்தது. தாமாக விரும்பி ஒதுங்கியிருப்பதும் பிறர் ஒதுக்கிவைப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் அவற்றில் ஒரு பங்கு. நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குத் திருமணமானபின் உரிய காலத்தில் அவனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. கூரை ஒன்று, வளவு ஒன்று. அடுப்பு தனி, வரவு செலவு தனி. ஊர்க் கணக்கிலும் கோவில் கணக்கிலும் அந்தத் தம்பதி தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் குடும்பத்தில் மனத்தாங்கலோ என்று நினைப்பார்கள். சண்டை வந்தபின் பிரிப்பது வேறு. சண்டைக்கு இடம் கொடாமல் முன்கூட்டியே எல்லை வகுத்துக் கொடுப்பது வேறு. அப்பச்சியும் ஆத்தாளும், அதாவது அப்பாவும் அம்மாவும், எதிர் அறையில் இருக்கிறார்கள், அண்ணன் குடும்பம் பக்கத்து அறையில் இருக்கிறது. ஆனாலும் இன்று என் அடுப்பில் என்ன குழம்பு என்பதை நான் முடிவு செய்கிறேன். கூட்டாக வாழ்கிறவர்களுக்குத் தனி வெளி தேவையில்லை என்ற நினைப்புக்கு இந்த ஏற்பாடு நேர் மறுப்பு. கூட்டாக வாழ்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை; அதை அறிந்து, கட்டடத்திலும் வழக்கத்திலும் சேர்த்தே அமைத்திருக்கிறார்கள்.

இர்வின் ஆல்ட்மன் என்ற உளவியலாளர் 1975-இல் மனிதர்களின் எல்லைகளை மூன்று வகையாகப் பிரித்தார். முழுக்க நமக்கே உரியது முதல் வகை. ஒரு குழு சேர்ந்து அனுபவிப்பது, உள்ளே வரக்கூடியவர் யார் என்று குழுவுக்குத் தெரிந்தது இரண்டாம் வகை. யார் வேண்டுமானாலும் வந்து, இருக்கும்வரை பயன்படுத்திப் போவது மூன்றாம் வகை. செட்டிநாட்டு வீட்டில் மூன்றையும் ஒரே இடத்தில் காணலாம்: அறை, வளவு, திண்ணை. இந்த மூன்றில் சிக்கல் அதிகம் வருவது நடுவகையில்தான். அறைக்குப் பூட்டு இருக்கிறது, தெருவுக்குச் சட்டம் இருக்கிறது; வளவுக்கு இருப்பது பழக்கம் மட்டுமே.

இன்று அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். திருமணமோ, முன்னோருக்குப் படையலிடும் படைப்போ வந்தால் எல்லாரும் கூடுகிறார்கள்; அவரவர் அறையை அவரவர் திறக்கிறார்கள். அப்போது கவனித்துப் பாருங்கள். வளவு எல்லாருக்கும் பொது. ஆனால் ஒருவர் அறை வாசலுக்கு முன்னுள்ள தூணடியில் இன்னொருவர் பாய் விரிப்பதற்கு முன், "இங்கே போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்பார். சொத்துப் பத்திரத்தில் அந்தத் தூணடிக்குத் தனிப் பட்டா எதுவும் இல்லை. கேட்காமல் விரித்தாலும் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனாலும் கேட்கிறார்கள், "தாராளமாக" என்ற பதிலும் வருகிறது. பதில் எப்படியும் அதுதான் என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் கேள்வியை விட்டுவிட்டால் அன்று இரவே யாராவது ஒருவர் முகம் மாறியிருக்கும்.

துண்டு போட்டுப் பிடித்த இடம்

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இல்லை. ராபர்ட் சோமர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் நூலகங்களில் இதைத்தான் சோதித்தார். காலி மேசையில் ஒரு நோட்டுப் புத்தகமோ மேல்சட்டையோ கிடந்தால், அந்த இடத்தில் வேறு யாரும் உட்காராமல் போகிறார்கள். பொருள் எவ்வளவு சொந்தமானதாகத் தோன்றுகிறதோ அவ்வளவுக்கு இடம் பத்திரமாக இருக்கிறது. சோமரின் இன்னொரு சோதனையில், நிறைய இடம் காலியாக இருந்தும் வேண்டுமென்றே ஒருவர் அருகில் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி உட்கார்ந்தார், புத்தகத்தைத் தடுப்பாக வைத்தார், கடைசியில் எழுந்து போய்விட்டார். இது முக்கியமான செய்தி. தம் வெளிக்குள் ஒருவர் வந்துவிட்டார் என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் எல்லாரும் சம்மதித்தார்கள் என்று ஆகிவிடாது.

துண்டுக்கு ஓர் அளவு உண்டு. ஒரு துண்டு ஓர் ஆளுக்கு. ஒரே ஆள் முன்னால் ஓடிவந்து, பின்னால் வரப்போகும் ஆறு பேருக்கு மூன்று இருக்கைகளை மறித்து, கைக்குழந்தையோடு நிற்கும் தாயிடம் "ஆள் வருகிறது" என்று சொல்வது, பொது இடத்தைத் தன் வீட்டு அறையாக்குவது. ரயிலில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. படுக்கை வசதிப் பெட்டியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்கை உங்களுடையது. மற்ற நேரத்தில் கீழ்ப்படுக்கை எல்லாரும் உட்காரும் இருக்கை. ஒரே பலகை, நேரத்தைப் பொறுத்து ஒருமுறை தனி, ஒருமுறை பொது. வழக்கம் தடுமாறும் இடத்தில் இப்படி ஒரு விதி பெரிய உதவி.

வரிசையும் இடம்தான்; அதில் இருப்பது நேரத்தால் ஆன இடம். ஸ்டான்லி மில்கிரம் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் குழுவோடு நியூயார்க்கில் டிக்கெட் கவுண்டர் வரிசைகளுக்குள் ஆட்களை நடுவில் புகவிட்டுப் பார்த்தார். 1986-இல் முடிவுகள் வெளிவந்தன. புகுந்தவருக்கு நேர் பின்னால் நின்றவரே அதிகம் ஆட்சேபித்தார். பின்னால் நிற்கிற எல்லாருக்கும் ஒரே அளவு நஷ்டம் என்றாலும், தட்டிக்கேட்க வேண்டிய பொறுப்பு அந்த ஒருவர் தலையில் விழுகிறது. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி நாளில் தரிசன வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சேர்ந்து நிற்பவர்களுக்கு நடுவே

இருவர் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அவர்களுக்கு நடுவே புகுந்து போவீர்களா, சுற்றிப் போவீர்களா? எரிக் நோல்ஸ் என்ற உளவியலாளர் 1973-இல் ஒரு பல்கலைக்கழக நடைவழியில் இதைச் சோதித்தார். பேசும் ஆட்கள் நின்றபோது பெரும்பாலோர் நடுவே போவதைத் தவிர்த்தார்கள். அதே இடத்தில் குப்பைத் தொட்டிகளை வைத்தபோது தாராளமாக நடுவே போனார்கள். ஆட்கள் கூடினாலும், மூத்தவர்களாகவும் மதிப்புக்குரியவர்களாகவும் தெரிந்தாலும் நடுவே போகிறவர்கள் இன்னும் குறைந்தார்கள். பேசுகிறவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் காலியானது அல்ல என்று கால்களுக்குத் தெரிகிறது. பேசுகிறவர்கள் முகம் நோக்கி நிற்கும் வட்டத்துக்குள் இருக்கும் அந்த இடம், அவர்கள் எல்லாருக்கும் சமமாக உரியது என்று ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் விளக்கினார். புதிதாகச் சேர வருகிறவர் வட்டத்தின் விளிம்பில் நின்று காத்திருப்பார். உள்ளிருப்பவர்கள் கால்களை நகர்த்தி இடம் விட்டால் வட்டம் அவரையும் சேர்த்துக்கொண்டுவிட்டது என்று பொருள்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகளைப் பாருங்கள். சாலை பொதுச்சாலைதான். ஆனாலும் காவடி வரிசைக்குக் குறுக்கே யாரும் வெட்டிக்கொண்டு போவதில்லை. போக வேண்டியிருந்தால் நின்று, வரிசையில் இடைவெளி வரும்வரை பொறுத்துப் போகிறார்கள். நடக்கும் கூட்டமும் சாலையின் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்து நடக்கிறது. இரு பக்கமும் விட்டுக்கொடுப்பதால்தான் இது நடக்கிறது.

இப்போது நம் ஊர்த் திருமணப் பந்திக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு அடக்க முடியாத வருத்தம் உண்டு. செட்டிநாட்டுப் பந்தி என்றால் இலையில் என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பந்தியின் பெருமை உணவில் மட்டும் இருக்கவில்லை. அழைத்து உட்கார வைப்பார்கள். ஒரு பந்தியில் உட்கார்ந்தவர்கள், இலையை மூடும்வரை ஒரு குழு. பக்கத்து இலைக்காரர் முடிக்கும் முன் எழுந்தால் "எழுந்துகொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுவார்கள். இன்றைய மண்டபத்தில் நடப்பதைப் பாருங்கள். பாயசம் இன்னும் வரவில்லை. ஒரு பெரியவர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறார். அவர் நாற்காலியின் முதுகில் ஒரு கை விழுகிறது. திரும்பிப் பார்க்கிறார், ஒருவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியவர் ரசத்தை வேண்டாமென்று கையால் மறிக்கிறார். மோர் கேட்கவே இல்லை. வேகவேகமாக இலையை மடித்து எழுகிறார். பின்னால் நின்றவர் நாற்காலியைப் பிடித்தபடியே "மெதுவாகச் சாப்பிடுங்கள்" என்கிறார்.

நாற்காலியைத் தொட்டதில் என்ன தவறு என்று கேட்கலாம். சாப்பிடுகிறவர் முதுகுப்பக்கத்தைப் பார்க்க முடியாது. கையில் சோறு இருக்கும்போது விலகவும் முடியாது. தன் வெளியைக் காத்துக்கொள்ள எந்த வழியும் இல்லாத நேரத்தில் ஒருவரை நெருக்குவது அது. இடமில்லை என்பதும் சரியான காரணம் இல்லை. அடுத்த பந்தி உண்டு என்பது அங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். வீட்டார் வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, பந்தி முடிந்ததும் அழைத்தால் போதும். அப்படிச் செய்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பெரியவர்கள் மோர் வரை உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஒதுங்குவதும் ஒதுக்குவதும்

முன்பு சொன்ன இடத்துக்கு இப்போது வருகிறேன். இடைவெளி விடுவது மரியாதை என்று இதுவரை சொல்லிவந்தேன். நம் மண்ணில் இடைவெளிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விளக்கம் நேர்மையாகாது. இந்தத் தெருவில் நடக்கக் கூடாது, இந்த ஊருணியில் தண்ணீர் எடுக்கக் கூடாது, இந்த வாசலுக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினரை மற்றவர்கள் தள்ளி நிறுத்தினார்கள். அதையும் வழக்கம் என்றும் மரியாதை என்றும்தான் சொன்னார்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: தூரத்தை முடிவு செய்கிறவர் யார்? தன்னைச் சுற்றி இவ்வளவு இடம் வேண்டும் என்று ஒருவர் தனக்காகக் கேட்டால், தருவது மரியாதை. எல்லாருக்கும் பொதுவான இடத்தில் நீ இவ்வளவு தூரம் தள்ளி நில் என்று ஒருவர் இன்னொருவருக்கு விதித்தால், அது தீண்டாமை. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கடை, உணவகம், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று பொது இடங்களைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. அவற்றில் சாதி, மதம், பால் முதலியவற்றைக் காட்டி யாரையும் தடுக்க முடியாது.

தேவகோட்டைக்கு அருகில் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோவில் தேர், நம் பகுதியில் எல்லாரும் அறிந்த செய்தி. வடத்தை யார் பிடிக்கலாம் என்பதில் பட்டியல் சாதியினரின் உரிமை நீண்ட காலம் மறுக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பல ஆண்டுகள் தேர் ஓடாமல் நின்றது. நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு தேர் ஓடியது. தேர் வடம் என்பது பொது இடத்தின் மிகத் தெளிவான வடிவம். அதில் கை வைப்பதற்குத் தோளோடு தோள் நிற்க வேண்டும். அங்கே இடைவெளி கேட்பவர் தன் வெளியைக் காக்கவில்லை. அடுத்தவர் இடத்தைப் பறிக்கிறார்.

காதுக்கும் கேமராவுக்கும் எல்லை உண்டு

வெளி என்பது உடலோடு முடிவதில்லை. ஒலி சுவரைத் தாண்டும். பஸ்ஸில் செல்பேசியில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டோ வீடியோவோ ஓட்டுகிறவர், தன் இருக்கையிலிருந்து எழாமலே நாற்பது பேரின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை போடுகின்றன. பகலில் பெரும்பாலும் அவரவர் பண்புதான் விதி. காதொலிப்பான் இல்லாவிட்டால் சத்தத்தைக் குறைத்துக் காதருகே வைத்துக் கேட்கலாம், அதுவே போதுமானது.

கேமரா புதிய சிக்கல். செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது. ஆத்தங்குடிப் பூக்கல் தரையையும் பர்மா தேக்குத் தூண்களையும் பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர். வரட்டும், பார்க்க வேண்டியவைதான். ஆனால் திறந்திருக்கும் கதவு எல்லாம் காட்சிக்கூடம் இல்லை. வளவில் பாட்டி வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தால், அவரையும் தூணோடு சேர்த்துப் படமெடுத்துப் போவது எந்த வகையில் நியாயம்? கட்டணம் வாங்கித் திறந்து காட்டும் வீட்டில் எதை எடுக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். மற்ற வீடுகளில் முகப்பில் நின்று குரல் கொடுக்கும் அந்தப் பழைய வழக்கம் சுற்றுலாப் பயணிக்கும் பொருந்தும். "படம் எடுக்கலாமா ஆச்சி?" என்று கேட்டால் பெரும்பாலும் சேலையைச் சரிசெய்துகொண்டு அவர்களே நிற்பார்கள். வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

பிள்ளைகளுக்கு

திருமண வீட்டில் நெருங்கிய வட்டம் மிக எளிதாக மீறப்படுவது குழந்தைகளிடம்தான். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நான்கு வயதுப் பெண்ணுக்கு அங்கிருக்கும் முக்கால்வாசிப் பேர் அந்நியர். அவர்களுக்கோ அவள் தம்பி பேத்தி. கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், வாரித் தூக்குகிறார்கள், முத்தம் கேட்கிறார்கள். அவள் தாயின் சேலைக்குள் ஒளிந்தால் "ஏன் இவ்வளவு கூச்சம்?" என்று சிரிக்கிறார்கள். அன்பில் குறையில்லை. ஆனால் அந்தக் குழந்தையும் பஸ்ஸில் முதலில் உட்கார்ந்தவரைப் போலத்தான். அவளுக்கும் ஒன்றரை அடி வட்டம் இருக்கிறது. அவளால் அதை எடுத்துச் சொல்ல முடியவில்லை, ஒளிய மட்டும் தெரிகிறது.

பெற்றோர் இதில் நடுநிலை வகிக்கக் கூடாது. "அப்பத்தாவுக்கு முத்தம் கொடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடுவதற்குப் பதில், "அப்பத்தாவுக்கு வணக்கம் சொல்கிறாயா, கை கொடுக்கிறாயா?" என்று கேட்கலாம். இரண்டும் மரியாதை, தேர்வு அவளுடையது. பெரியவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, இரண்டடி தள்ளியே உட்கார்ந்து, பெயரைக் கேட்டு, கையில் ஒரு சீப்புச் சீடையையோ முறுக்கையோ நீட்டிவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் தாமே வந்து மடியில் ஏறிக்கொள்வார்கள். சில பிள்ளைகள் அன்று வர மாட்டார்கள். படைப்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.